வீட்டுத் தோடை, தேசி மரங்களின் பழக் குறைகள்: மலையக வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையகத்தில் வீட்டு முற்றத்திலோ லயத்துக்குப் பின்னாலுள்ள தோட்டத்துண்டிலோ ஒரு தோடை, தேசி, நாரத்தை அல்லது மண்டரின் மரம் இல்லாத இடம் குறைவு. அவற்றின் பழங்களைப் பற்றி மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பழத்தில் இன்று கண்ணுக்குத் தெரியும் குறை, பெரும்பாலும் பல வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்னர் வேரிலோ இலையிலோ பூவிலோ தொடங்கியதாகவே இருக்கும். ஆகையால் கடையில் மருந்துப் போத்தல் வாங்குவதற்கு முன்னர் மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மரம் செழித்து வளர்கிறது. ஆண்டுகள் பல கடந்தும் ஒரு பூகூட இல்லை. என்ன காரணம்?

முதலில் அது விதையிலிருந்து வந்த மரமா, ஒட்டுக்கன்றா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரும்பொட்டுச் செய்யப்பட்ட கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். சாப்பிட்ட பழத்தின் விதையை ஊன்றி வளர்த்த மரமோ இளமைப் பருவத்தைக் கடக்கும்வரை பூக்காது. தேசிக்கு இந்தக் காத்திருப்பு ஓரளவு குறைவு. இனிப்புத் தோடைக்குப் பத்து ஆண்டுகள் ஆனாலும் வியப்பில்லை. அத்தகைய மரத்தில் நீண்ட முட்களும் நேர் மேலாக எழும் கிளைகளும் இருக்கும். அவற்றை ஆண்டுதோறும் வெட்டிக் குறைத்தால் பூக்கும் காலம் இன்னும் தள்ளிப்போகும்.

ஒட்டுக்கன்றாக இருந்தும் பூக்கவில்லையெனில், ஒட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பிய கிளைகள் மரத்தைப் பிடித்துக்கொண்டனவா என்று பாருங்கள். ஒட்டுக்கட்டையின், அதாவது ஒட்டுக்கு வேராக அமைந்த அடிமரத்தின், இலை, முள், மணம் ஆகியன மேற்பகுதியினதிலிருந்து வேறுபட்டிருக்கும். அத்தகைய கிளைகளைத் தளிரிலேயே அடியோடு கிள்ளிவிட வேண்டும்.

இவ்விரண்டும் இல்லையெனில் நிழலையும் யூரியாவையும் சந்தேகிக்கலாம். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் விழாத மரம் இலையைத் தருமேயன்றிப் பழத்தைத் தராது. தேயிலைக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்களுக்குக் கீழே வைத்த கன்றுகள் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் வெறும் பச்சையாக நிற்கின்றன. தேயிலைக்கு இடும் பசளையில் யூரியா தரும் தழைச்சத்தே (நைதரசன்) முதன்மையானது, ஏனெனில் அங்கு அறுவடை செய்யப்படுவது கொழுந்து. அதே பசளையைத் தோடைக்கும் அள்ளிப் போட்டால் அதற்கும் கொழுந்தே வரும்.

இன்னொன்றும் உண்டு. நம்முடைய வெப்ப வலயத்தில் தோடை இனங்களைப் பூக்கத் தூண்டுவது பெரும்பாலும் சிறு வரட்சியும் அதனைத் தொடரும் மழையுமே. அட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் அந்த ஓய்வு தை முதல் மாசி வரையிலும், பதுளை, பண்டாரவளை உள்ளிட்ட ஊவாவில் ஆனி முதல் ஆவணி வரையிலும் கிடைக்கும். வளர்ந்த மரத்துக்கு அந்த நாட்களிலும் விடாமல் தண்ணீர் ஊற்றினால் அது ஓய்வெடுக்காது, பூப்பதும் குறையும்.

பூ நிறைய வருகிறது. ஆனால் பிஞ்சுகள் எல்லாம் கொட்டிவிடுகின்றன. இது நோயா?

பெரும்பாலும் இல்லை. தோடை மரம் தன்னால் தாங்க முடிந்ததைவிடப் பன்மடங்கு பூக்கும். நூறு பூவில் ஓரிரண்டு பழமானாலே அது நல்ல காய்ப்புத்தான். பூக்காலத்தில் ஒருமுறையும், காய் கோலிக்குண்டளவு ஆகும்போது இன்னொருமுறையும் உதிர்வது இயல்பு. மரத்தடி வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கிளையில் எத்தனை நிற்கின்றன என்பதைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஒன்றுகூட நிற்காத நிலை வேறு. அதற்கு முதற்காரணம் தண்ணீரின் ஏற்றத்தாழ்வு. பிஞ்சு பிடித்த நான்கைந்து வாரங்களில் மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், மரம் இலையைக் காப்பாற்றிக்கொண்டு பிஞ்சைக் கைவிடும். மானாப் புல், கிளிரிசீடியா இலை, உலர்ந்த சருகு ஆகியவற்றை நான்கு விரல் தடிப்புக்கு மூடுபடையாகப் பரப்புவது இதற்கு நான் அறிந்த மலிவான, சிறந்த பரிகாரம். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே பரப்ப வேண்டும். பூத்திருக்கும் வேளையில் யூரியா இடுவதும், அந்நேரத்தில் கிளை வெட்டுவதும், பூவின் மீது பூச்சிமருந்து தெளிப்பதும் உதிர்வைக் கூட்டும். பூவில் வரும் தேனீக்களை மருந்து அழித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

நன்றாகப் பருத்த காய்கள் மஞ்சளித்து விழுகின்றன. வெட்டிப் பார்த்தால் ஒருபக்கம் அழுகியிருக்கிறது. மருந்து தெளித்தும் நிற்கவில்லையே?

விழுந்த பழத்தைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் தோலை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற ஒரேயொரு துளை தென்படலாம். அதைச் சுற்றி விரலால் அழுத்தினால் துளையிலிருந்து சாறு கசியும். அவ்விடத்தில் வெட்டினால் சுளை சாறிழந்து பஞ்சுபோலிருக்கும், ஆனால் புழு இராது. இது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் வேலை. அளவில் பெரிய, பின்சிறகில் செம்மஞ்சள் நிறங்கொண்ட இந்த அந்துப்பூச்சி இருட்டிய பின்னரே வரும். பகலில் எதைத் தெளித்தாலும் அது அங்கு இருப்பதில்லை. துளைத்துச் சாற்றைக் குடித்துவிட்டுப் பறந்துவிடும், பங்கசு அத்துளைவழியே நுழைந்து பழத்தை அழுகவைக்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பழத்தில் அமர்ந்திருக்கும் பூச்சியின் கண்கள் மின்னும். கையாலேயே பிடித்து அழிக்கலாம்.

இதன் புழுக்கள் தோடை மரத்தில் வளர்வதில்லை. சீந்தில் போன்ற காட்டுக்கொடிகளில்தான் வளர்கின்றன. காட்டோரத்திலும் பற்றைக்காணியின் அருகிலும் உள்ள வீடுகளில் சேதம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சீந்தில் மருந்துக்குப் பயன்படும் கொடி என்பதால் அதை அடியோடு ஒழிக்கும்படி நான் சொல்லமாட்டேன். மரத்துக்கு அருகில் மட்டும் படரவிடாதீர்கள்.

புழு நெளிந்தால் அது பழ ஈ. பெண் ஈ தோலுக்குள் முட்டையிடும், வெள்ளைப் புழுக்கள் உள்ளேயே வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகும். எனவே விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டுவைப்பது அடுத்த தலைமுறையை வளர்ப்பதாகும். கூட்டெருக் குழியில் மேலாகப் போடுவதாலும் பயனில்லை. விழுந்தவற்றை நாள்தோறும் பொறுக்கி, தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாட்கள் வைக்கலாம், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். மெதைல் யூஜினோல் பொறிகள் ஆண் ஈக்களை மட்டுமே கவரும். அயலார் எல்லோரும் சேர்ந்து வைத்தால்தான் அவற்றால் பலன் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான காப்பு, காய் நிறம் மாறத் தொடங்குவதற்கு முன்னர் பையிடுவதே. கடதாசிப் பையோ துணிப்பையோ ஏற்றது. துளையில்லாப் பொலித்தீன் நம்முடைய பனிமூட்டத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்து, பூச்சி செய்யாத கேட்டைத் தானே செய்துவிடும்.

காய்கள் மரத்திலேயே வெடிக்கின்றன. ஏன்?

நீண்ட வெயிலுக்குப் பின்னர் திடீரெனக் கனமழை பெய்யும்போது சுளை விரைந்து பருக்கும், காய்ந்து இறுகிய தோலால் அந்த வேகத்துக்கு விரிய முடியாது. தோல் மெல்லிய வகைகளில் இது அதிகம். சாம்பற்சத்து (பொட்டாசியம்) குறைந்த மண்ணில் தோல் இன்னும் மெலிதாகும். மேலே சொன்ன மூடுபடையும், வரட்சியில் வாரமொருமுறை ஆழமாக நீர் ஊற்றுவதும் போதும். வெடித்த காய்களை உடனே அகற்றிவிடுங்கள், அவை பழ ஈயை அழைக்கும்.

பழம் பழுத்த பின்னரும் தோல் பச்சையாகவே இருக்கிறது. பறிக்கலாமா?

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலும், பதுளை ஏறக்குறைய 680 மீற்றரிலும், நுவரெலியா 1,868 மீற்றரிலும் அமைந்துள்ளன. தோடையின் தோல் பச்சையை இழந்து செம்மஞ்சளாவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சுவை ஏறுவதற்கு வெப்பம் வேண்டும். ஆகையால் கண்டியிலும் அதற்குக் கீழேயும் பழம் பச்சைத் தோலுடனேயே உள்ளே தேனாக இருக்கும். நுவரெலியாப் பக்கத்திலோ தோல் அழகாக மஞ்சளித்த பின்னரும் உள்ளே புளிப்பு மாறாதிருக்கும். ஆக, மலையகத்தில் தோலின் நிறத்தைக் கொண்டு பழுத்ததா என்று முடிவுசெய்வது இரண்டு பக்கமும் ஏமாற்றும். பிபிலையின் இனிப்புத் தோடை பச்சைத் தோலுடனேயே விற்பனையாவதை எல்லோரும் கண்டிருப்போம்.

தோல் பளபளப்பாகி எண்ணெய்ப் புள்ளிகள் தட்டையானதும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனத்ததும் ஒன்றைப் பறித்துச் சுவைத்துப் பாருங்கள். தோடை இனப் பழங்கள் பறித்த பின்னர் இனிப்பதில்லை. மாம்பழத்தைப் போல் வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்க முடியாது. சுவை போதாவிட்டால் மற்றவற்றை மரத்திலேயே விட்டுவைத்து இரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பனியும் ஈரமும் காய்ந்த பின்னரே பறிக்க வேண்டும். காலையில் நனைந்திருக்கும் தோலை அழுத்தினால் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து, ஓரிரு நாளில் அவ்விடம் பழுப்புத் தழும்பாகும். பலர் இதை நோயென்று எண்ணுகிறார்கள்.

பழம் பெரிதாக இருக்கிறது, தோல் தடிப்பு, சாறே இல்லை. எதனால்?

முதல் இரண்டு மூன்று காய்ப்புகளில் இது வழக்கமே. மரம் முதிர்ந்ததும் தானே சரியாகும். முதிர்ந்த மரத்திலும் தொடர்ந்தால் தழைச்சத்து மிகுந்திருக்கலாம், அல்லது மணிச்சத்து (பொசுபரசு) குறைந்திருக்கலாம். காம்புப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுளைமணிகள் வெளிறி, இறுகி, சுவையற்றுப் போயிருந்தால் பழம் மரத்தில் அளவுக்கு மேல் தங்கிவிட்டது என்று பொருள். அடுத்த முறை சற்று முன்னதாகப் பறியுங்கள். தை, மாசியில் நிலத்தில் உறைபனி விழும் நுவரெலியாப் பள்ளங்களில் குளிரே சுளையைக் காயவைத்துவிடும். அங்கு இனிப்புத் தோடையைவிட மண்டரினைச் சுவரோரமாக, வெயில் படும் மேட்டில் வைப்பது மேல்.

தோலில் சொறியும் தழும்பும் கறையுமாக இருக்கிறது. சாப்பிடலாமா?

தோலோடு நிற்கும் எந்தத் தழும்பும் சுளையைக் கெடுப்பதில்லை. சாப்பிடலாம். ஆனால் எது என்ன என்று பிரித்தறிவது மரத்துக்கு நல்லது.

மேடான, கரடுமுரடான பழுப்புப் புள்ளிகள் காயிலும், அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையத்துடன் இலையிலும் இருந்தால் அது பக்டீரியாவால் வரும் சொறி நோய். தேசியை இது கடுமையாகத் தாக்கும், மண்டரின் ஓரளவு தாங்கும். காற்றோடு அடிக்கும் மழையே இதைப் பரப்புகிறது. இலைச் சுரங்கப் புழு துளைத்த தளிர்களின் வழியாக எளிதில் நுழைகிறது. நோயுற்ற கிளைகளை ஈரமில்லாத நாளில் வெட்டி எரித்து, கத்தியைச் சுத்தப்படுத்தி, புதுத் தளிர் வரும்போதும் பிஞ்சுப் பருவத்திலும் செம்பு சேர்ந்த பங்கசுநாசினியைத் தெளிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும் சரிவுகளில் காற்றுத்தடுப்பாக ஒரு வேலி இருந்தால் தெளிக்கும் தேவை குறையும்.

மஞ்சள் வளையமின்றி மருக்கள்போல் எழும்பி, இலையை முறுக்கிவிடுவது பங்கசினால் வரும் பொருக்கு நோய். இதுவும் ஈரத்தில் பரவும், இதற்கும் செம்பே மருந்து. தோல் முழுவதும் துருப்பிடித்ததுபோல் பழுப்பாகி மழமழப்பாக இருந்தால் கண்ணுக்கே புலப்படாத சிற்றுண்ணி. வரண்ட நாட்களில் தாக்கும் இதற்கு நனையும் கந்தகத்தூள் தெளிக்கலாம். பூச்சிகளுக்குத் தெளிக்கும் வெள்ளை எண்ணெயைத் தெளித்து ஒரு மாதம் செல்லுமுன் கந்தகத்தைத் தெளித்தால் இலை கருகும். காம்பைச் சுற்றி வளையமாக வெள்ளித் தழும்பு இருந்தால் பிஞ்சில் பனிப்பூச்சி சுரண்டியது. அதை இப்போது ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஒழுங்கற்ற கோடுகள் காற்றில் கிளை உராய்ந்தவை.

இலையும் பழமும் கரி பூசியதுபோல் இருக்கின்றன. பங்கசுநாசினி தெளிக்கலாமா?

வேண்டாம். அந்தக் கருமை, அழுக்கணவன், செதிற்பூச்சி, வெண் ஈ, மாவுப்பூச்சி ஆகியவை கழிக்கும் தேன்போன்ற நீரின் மீது வளர்வது. பூச்சி போனால் அதுவும் போகும். அடிமரத்தில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். அத்தேனுக்காக எறும்பு இப்பூச்சிகளைக் காவல் காக்கிறது, அவற்றை உண்ண வரும் பொறிவண்டுகளை விரட்டுகிறது. மண்ணையும் பிற செடிகளையும் தொடும் கிளைகளை வெட்டி, அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிறீஸ் தடவி எறும்பை நிறுத்துங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனைய மாலையில் தெளியுங்கள். பழத்திலுள்ள கருமை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

கீழ்க்கிளைப் பழங்கள் பழுப்பாகி அழுகுகின்றன. அடிமரத்திலிருந்து பிசினும் வடிகிறது. மரம் பிழைக்குமா?

இது வேரையும் அடிமரத்தையும் அழுகவைக்கும் பைற்றொப்தோரா. மண்ணில் வாழும் இக்கிருமி மழைத்துளி தெறிப்பதால் தாழ்ந்த பழங்களை அடைகிறது. மலையகத்தில் நான் காணும் இறப்புகளில் பல, சரிவை வெட்டிச் சமப்படுத்திய முற்றத்தில், கூரைத் தண்ணீர் நேரே விழும் இடத்தில் நட்ட மரங்களுடையவை. முதல் வேலை கான் வெட்டி நீரைத் திருப்புவது. அடுத்தது அடிமரத்தைச் சுற்றிக் குவிந்துள்ள மண்ணையும் எருவையும் விலக்கி, ஒட்டிய இடம் வெளியே தெரியச் செய்வது. பிசின் வடியும் பட்டையை நல்ல பகுதி தெரியும்வரை சுரண்டி, போர்டோ பசை பூசுங்கள். பசைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லீற்றர் தண்ணீர் என்பது கணக்கு. ஒரு மரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். நிலத்திலிருந்து இரண்டடிவரை உள்ள கிளைகளை அகற்றினால் தெறிப்பு பழத்தை எட்டாது. பட்டை பாதிச் சுற்றளவுக்கு மேல் செத்திருந்தால் மரம் மீள்வது அரிது.

போர்டோக் கலவையை வீட்டில் எப்படித் தயாரிப்பது?

100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும், 100 கிராம் நல்ல சுண்ணாம்பை 5 லீற்றர் நீரில் இன்னொன்றிலும் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். இரும்பு, தகரப் பாத்திரங்கள் கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரியும். வானநீல நிறம் வந்ததும், மினுக்கிய இரும்பு ஆணியையோ கத்தியையோ ஒரு நிமிடம் அதில் தோய்த்து எடுங்கள். செம்புநிறம் படிந்திருந்தால் கலவை இன்னும் புளிப்பானது, இலையைக் கருக்கும். சிறிது சுண்ணாம்புநீர் சேர்த்து, படியாத நிலை வரும்வரை சோதியுங்கள். அன்றே தெளித்து முடிக்க வேண்டும். முழுதாய்ப் பூத்திருக்கும்போது தெளிக்காதீர்கள். கையுறையும் முகமூடியும் அவசியம்.

எங்கள் வீடு முன்பு தேயிலை மலையாக இருந்த இடம். மண்ணில் ஏதும் செய்ய வேண்டுமா?

ஆம், இதைத் தவறாமல் செய்யுங்கள். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், அதற்கு ஏற்ற பி.எச். 4.5 முதல் 5.5 வரை. தோடை இனங்களுக்கு 5.5 முதல் 6.5 வரை இருப்பது நலம். பழைய இலைகளின் நடுவில் மஞ்சளித்து, காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக எஞ்சியிருந்தால் மக்னீசியம் குறைவு. டொலமைட் புளிப்பைத் தணிப்பதோடு சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் தரும். அளவை மண் பரிசோதனையின் பின்னரே தீர்மானியுங்கள். கிளைவிரிவின் வெளிவட்டத்தில் பரப்பிச் சற்றுக் கிளறிவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்து இட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும் என்பதால் இரண்டுக்கும் இடையே சில வாரங்கள் விடுங்கள்.

ஒரு வருடம் கிளை முறியக் காய்க்கிறது, மறுவருடம் ஒன்றுமில்லை. சரிசெய்யலாமா?

மண்டரினில் இது மிகுதி. அதிகம் காய்க்கும் ஆண்டில், காய் கோலிக்குண்டளவில் இருக்கும்போதே மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் மரத்துக்கு அதுவே உதவி.

குரங்குகளுக்கு என்ன செய்வது?

வலை ஓரளவு உதவும். வீட்டுக் கூரையிலிருந்தும் அயல் மரங்களிலிருந்தும் பாய முடியாதபடி கிளைகளைக் குறைப்பது அதைவிட உதவும். முதிர்ந்ததை உடனுக்குடன் பறித்துவிடுங்கள். தேசியை அவை பெரும்பாலும் தொடுவதில்லை.

பழங்கள் சிறுத்து, கோணலாக, கசப்பாக வருகின்றன. அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கிறது. இது எந்த நோய்?

இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பசுமையாதல் நோயாக இருக்கலாம். ஒரு பழத்தைக் காம்பு வழியாக நீளவாக்கில் வெட்டுங்கள். நடுத்தண்டு வளைந்தும், விதைகள் சிறுத்துப் பழுப்பாகக் கருகியும் இருந்தால் ஐயம் வலுக்கும். அடுத்து, மஞ்சள் படர்ந்த ஓர் இலையை எடுத்து, நடுநரம்பின் இருபுறமும் நேரெதிரே பேனாவால் இரண்டு வட்டம் வரைந்து ஒப்பிடுங்கள். இருபுறமும் ஒரேமாதிரி மஞ்சளித்திருந்தால் நாகச்சத்து (துத்தநாகம்) போன்ற ஏதோவொரு சத்தின் குறைபாடு, தெளித்துச் சரிசெய்யலாம். ஒருபுறம் பச்சையும் மறுபுறம் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் நோயின் அடையாளம்.

இதைப் பரப்புவது தளிரில் தலையைத் தாழ்த்தி உடலைச் சரிவாக உயர்த்தி அமரும், மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளமுள்ள சிறிய சிலிட் பூச்சி. கறிவேப்பிலைத் தளிரிலும் அது பெருகும். ஆகையால் தோடைக்கு அருகில் கறிவேப்பிலை இருந்தால் அதன் தளிரையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் மிகுந்த உயரங்களில் இப்பூச்சி குறைவு, தாழ்ந்த வெப்பமான பகுதிகளிலேயே கூடுதல் கவனம் வேண்டும். நோய்க்கு மருந்தில்லை. பழத்தின் மூலமும் பரவாது. ஆனால் நோயுற்ற மரத்திலிருந்து எடுத்த அரும்பின் மூலம் பரவும், எனவே அத்தகைய மரத்திலிருந்து யாருக்கும் ஒட்டுக்கிளை கொடுக்காதீர்கள்.

உங்கள் கணிப்பை மட்டும் நம்பி மரத்தை வெட்டிவிடவும் வேண்டாம். இலைகளுடன் கூடிய ஒரு கிளையையும், வெட்டாத இரண்டு பழங்களையும் கடதாசிப் பையிலிட்டு, அன்றைக்கே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். நோய் உறுதியானால் முதலில் பூச்சியை அழித்துவிட்டு, அதன் பின்னர் மரத்தை வேரோடு அகற்ற வேண்டும். பூச்சி இருக்கும்போதே வெட்டினால் அது பறந்து சென்று அடுத்த வீட்டு மரத்தில் அமரும்.